போஸ்டர் முன்னாடி ஒரு நாற்காலி

போன வாரம் பெங்களூருல எங்க இன்ஸ்டிடியூட்ல ரெண்டு நாள் மீட்டிங் நடத்தி முடிச்சோம், செரிபெல்லம், அதாவது சிறுமூளை பத்தி மட்டும், எண்பது பேர் வந்தாங்க. ஆறு மாசமா இதே வேலையா இருந்தேன். மறக்கறதுக்கு முன்னாடி எழுதி வைக்கணும்னு உக்காந்திருக்கேன்.

சிறுமூளைக்குன்னு தனி மீட்டிங் எதுக்குன்னு வீட்டுல கேட்டாங்க. தலைக்குப் பின்னாடி, பிடரிக்கு மேல உக்காந்திருக்கிற சின்ன உறுப்புதான், மொத்த மூளையில பத்துல ஒரு பங்கு. ஆனா மனுஷ மூளையில இருக்கிற ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்ல, அதாவது நரம்பு செல்லுல, 6,900 கோடி அங்கதான் இருக்கு! பெரிய நியூரோசயின்ஸ் மாநாடுகளுக்குப் போனா இதுக்கு ஒரு மூலையில ஒரு செஷன் ஒதுக்குவாங்க, அதான் தனியா கூடணும்னு நினைச்சோம்.

ப்ரோக்ராம் போடறப்பதான் சண்டையே. ஒவ்வொருத்தரும் இன்னும் ரெண்டு டாக் சேக்கலாம்னு சொல்றாங்க, போஸ்டர் நேரத்தை, அதாவது ஆராய்ச்சியைப் பெரிய தாள்ல போட்டு மாட்டிட்டு பக்கத்துல நின்னு விளக்கற நேரத்தை, ஒரு மணி நேரமா குறைச்சிடலாம், அதையும் லஞ்சோட வச்சுக்கலாம்னு. நான் ஒத்துக்கவே இல்ல. ரெண்டு நாளும் ரெண்டரை மணி நேரம் போஸ்டருக்கு வேணும்னு பிடிவாதமா நின்னேன், அதுக்காக நாலு டாக்கை எடுக்க வேண்டியதாச்சு, அதுல ஒண்ணு என் கைடோடது, அவங்களே சரின்னுட்டாங்க.

எனக்கு இதுல இவ்வளவு பிடிவாதம் வந்ததுக்குக் காரணம் ஸ்பெயின் நாட்டு நரம்பியல் விஞ்ஞானி ரமோன் இ கஹால்தான். 1888ல பறவையோட சிறுமூளையை கோல்ஜி முறைங்கிற சாயமேத்தற முறையில ஸ்டெயின் பண்ணிப் பாத்து, நரம்பு செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டின வலை இல்ல, தனித்தனி செல்லுன்னு எழுதினார், அதுவும் அவரே ஆரம்பிச்ச பத்திரிகையில, ஸ்பானிஷ்ல. வெளிநாட்டுல அதைப் படிச்சவங்க ரொம்ப கம்மி. மறு வருஷம் அக்டோபர்ல சொந்தக் காசுல பெர்லினுக்குப் போய், ஜெர்மன் உடற்கூறியலாளர்கள் கூட்டத்துல ஸ்லைடை மைக்ராஸ்கோப்ல வச்சுட்டு, தனக்குத் தெரிஞ்ச அரைகுறை பிரெஞ்சுல ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுக் காட்டியிருக்கார். கோலிக்கர், அப்ப எழுபது தாண்டினவர், அந்தத் துறையில பெரிய கை, குனிஞ்சு பாத்தார், அதுக்கப்புறம் கஹால் பேரை ஐரோப்பா முழுக்க எடுத்துட்டுப் போனதே அவர்தான். மேடைல பேசி நடந்ததில்ல இது, ஒரு மேஜைக்கு முன்னாடி நின்னு நடந்தது. இதைத்தான் கமிட்டி மீட்டிங்ல திரும்பத் திரும்ப சொன்னேன்.

இன்னொரு விஷயத்துலயும் உறுதியா இருந்தோம். சிறுமூளைன்னா பேலன்ஸ், நடை, கை அசைவுன்னுதான் ரொம்ப காலமா பேச்சு, முதல் உலகப் போர்ல தலையில குண்டு பட்ட சிப்பாய்ங்களை கார்டன் ஹோம்ஸ்ங்கிற நரம்பியல் டாக்டர் பரிசோதிச்சு எழுதினதுலருந்து அது இன்னும் அழுத்தமா பதிஞ்சு போச்சு. 1998ல ஷ்மாமான், ஷெர்மான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சிறுமூளை பாதிச்சா யோசனை, பேச்சு, உணர்ச்சியும் மாறும்னு காட்டினாங்க. ஆனாலும் அந்தப் பக்கம் வேலை செய்றவங்களுக்கு எப்பவும் கடைசி நாள் சாயங்கால ஸ்லாட்தான் கிடைக்கும், பாதிப்பேர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பின அப்புறம். நாங்க அவங்களை முதல் நாள் காலைல போட்டோம், ஹால் நிறைஞ்சிருந்துச்சு.

மத்த வேலை எல்லாம் எல்லா மீட்டிங்லயும் இருக்கறதுதான், விசா லெட்டர், பேட்ஜ், அடாப்டர். போஸ்டர் போர்டு மட்டும் படுத்தி எடுத்துடுச்சு, நெட்டுவாக்குல வேணும்னு சொல்லியிருந்தும் வாடகைக்கு எடுத்த இடத்துலருந்து படுக்கைவாக்குல வந்து இறங்குச்சு, ராத்திரி பதினொரு மணிக்கு ஆறு பேர் சேந்து ஒவ்வொண்ணா கழட்டி திருப்பி மாட்டினோம்.

ரெண்டாம் நாள் போஸ்டருக்கு அட்டாக்சியா, அதாவது நடை, கை அசைவு, பேச்சு எல்லாம் தடுமாறற பாதிப்பு இருக்கிற சில குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தோம். கிருஷ்ணகிரி பக்கத்துலருந்து ஒருத்தர் மகளோட வந்தார், ஐம்பது வயசுக்குள்ளதான் இருக்கும், எஸ்சிஏ1ங்கிற பரம்பரை அட்டாக்சியா. ஏடிஎக்ஸ்என்1ங்கிற ஜீன்ல சிஏஜிங்கிற மூணு டிஎன்ஏ எழுத்து அளவுக்கு மீறி திரும்பத் திரும்ப வர்றதால வர்ற நோய், இந்தக் காரணத்தை 1993ல கண்டுபிடிச்சாங்க, பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர் காலை அகட்டி வச்சு, செவுத்துல கை ஊனிட்டே வந்தார். லிஃப்ட்ல இறங்கி ஹாலுக்குள்ள வர ரெண்டு படி, பிடிக்க கம்பி இல்ல. மூணு தடவை அந்த இடத்தைப் போய்ப் பாத்திருக்கேன், அந்தப் படி என் கண்ணுல படவே இல்ல. இன்னும் மனசு ஆறல.

டீ குடுத்தப்ப அவர் மகளே பாதி டம்ளர் போதும்னு சொல்லிடுச்சு. கை டம்ளர் கிட்ட போகப் போக நடுக்கம் ஜாஸ்தியாகுது, ரெண்டு கையாலயும் பிடிச்சு நெஞ்சோட அணைச்சு வச்சுக்கிட்டுதான் குடிச்சார். அங்க நின்ன பல பேர் பல வருஷமா சிறுமூளையோட புர்கிஞ்சி செல்லுங்கிற பெரிய நரம்பு செல்லை, வெட்டி எடுத்த மூளை ஸ்லைஸ்ல பாத்தவங்க, இதை இவ்வளவு கிட்டத்துல பாத்ததில்ல.

எங்க லேப் பையன் ஒருத்தன், மதுரைக்காரன், அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, தானும் தரையில குத்துக்கால் போட்டு உக்காந்து தன் போஸ்டரைத் தமிழ்லயே சொல்ல ஆரம்பிச்சான். சுத்தற உருளைல எலியை நிக்க வைப்போம், எத்தனை செகண்ட்ல விழுதுன்னு எண்ணுவோம்னு. அவர் கிராஃபையே பாத்துட்டு இருந்துட்டு, பேச்சு குழறல்ல மெதுவா கேட்டார்.

"தம்பி, இது காலைல பண்றீங்களா, சாயங்காலமா?"

"காலைலதாண்ணா, எப்பவும்."

"நான் காலைல கிணத்தடி வரைக்கும் தனியா போயிருவேன். பொழுது சாஞ்சா வாசப்படி தாண்ட முடியாது. எலிக்கும் அப்படித்தானா?"

அவன் என்னைத் திரும்பிப் பாத்தான். பக்கத்துல நின்ன ஒரு ப்ரொஃபசருக்கு நான் இங்கிலீஷ்ல சொன்னேன், அவரும் கீழ உக்காந்துட்டார். களைப்பா, தூக்கமா, நரம்பு செல் சிக்னல் அனுப்பற ரிதம் நாள் பூரா மாறுதான்னு அரை மணி நேரம் பேச்சு போச்சு, நடுநடுவுல அவரைக் கேட்டுக் கேட்டு. வெயில் நாள்லயா, சாப்பிட்ட அப்புறமா, தூங்கி எழுந்தா சரியாகுதா. மகள் எல்லாத்துக்கும் நேரம் வச்சு சொன்னா, நோட்ல எழுதி வச்சிருக்காளாம்.

திங்கக்கிழமை லேப்புக்குப் போனா, கேலண்டர்ல சாயங்காலம் ஆறுலருந்து எட்டு வரைக்கும் உருளை மெஷினை அவன் பேர்ல ஒரு மாசத்துக்கு புக் பண்ணி வச்சிருக்கான். நான் அந்த ரெண்டு படிக்குக் கம்பி வைக்கச் சொல்லி லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.