குசினி ஒன்றுதான்

"இரண்டு பெண் பிள்ளைகள்தானே, நல்லது. பொடியள் எண்டால் குடிச்சுப்போட்டுக் கரைச்சல்" என்று வீட்டுக்கார அன்ரி சொன்னபோது, நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டோம். பார்த்திருந்தால் சிரித்திருப்போம். கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்ட். ஒரே அறை, ஒரே கட்டில். அதில் அன்ரிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சிக்கனமான பிள்ளைகள் என்று மெச்சவும் செய்தார். முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை எல்லாம் பேசி முடித்தாயிற்று. அப்புறம்தான் கேட்டார்: "அது சரி பிள்ளை, நீங்கள் என்ன ஆக்கள்?" என்ன சாதி என்று அர்த்தம்.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி, சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டவள். ஊர், குறிச்சி, எந்தக் கோயிலடி என்று அவளைச் சலித்து முடித்துவிட்டு அன்ரி என் பக்கம் திரும்பினார். நான் கோவில்பட்டிப் பக்கம். ஊரிலென்றால் தெருப் பெயரைச் சொன்னாலே போதும், மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே தெரு தெரியாததால் நேரடியாகக் கேட்க வேண்டியதாகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. "எங்களுக்கு ஒண்டுமில்லை பிள்ளை. குசினி ஒண்டுதானே, அதுக்காகக் கேக்கிறன்" என்றார். குசினி, அதாவது சமையலறை, அவருக்கும் எங்களுக்கும் பொது. "நாங்கள் கனடாவுக்கு வந்த ஆக்கள் அன்ரி" என்றாள் இவள். அன்ரியும் சிரித்தார். பிறகு கோல் எடுக்கிறேன் என்றார். எடுக்கவில்லை.

கோபத்தில் சட்டத்தைப் புரட்டினேன். ஒன்டாரியோவின் மனித உரிமைச் சட்டப்படி வீடு வாடகைக்கு விடுவதில் பாகுபாடு கூடாது. சாதிப் பாகுபாடும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2023 அக்டோபரில் மாகாண மனித உரிமை ஆணையமே சொல்லிவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் டொராண்டோ பள்ளி வாரியம் சாதிப் பிரச்சினையைக் கையிலெடுத்து ஓட்டெடுப்பே நடத்தியிருந்தது. எல்லாம் சரி. ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது. வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்து, குடியிருப்பவர் அவரோடு குளியலறையையோ சமையலறையையோ பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது! எங்கெங்கோ நுழைந்த சட்டம் சரியாக அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டது. சாதி உள்ளே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறது.

மற்றபடி செட்டில் ஆகிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பஸ் ஏறப் பிரஸ்டோ கார்டு, ஹெல்த் கார்டு, பனிக்காலச் சப்பாத்து எல்லாம் உண்டு. முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பாட்டிகளைப் புரட்டிப் படுக்கவைக்கவும், டயப்பர் மாற்றவும், மறுநாள் அவர்கள் என் பெயரை மறந்திருந்தால் வருத்தப்படாமல் இருக்கவும் பழகிவிட்டேன். இரண்டு ரவுண்டுக்கு நடுவில், மாத்திரை விவரம் எழுதும் தாளின் பின்பக்கத்தில் கவிதை எழுதுகிறேன். நாவல் எழுத மேசையும் ஓய்வும் வேண்டும். கவிதைக்குக் கால்மணி நேரம் போதும். ஏழைகள் ஏன் கவிதை எழுதுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

விடிகாலை ஐந்தரை மணி பஸ்ஸில் வீடு திரும்புவேன். எல்லாரும் துப்புரவு, கிடங்கு, சமையற்கூட வேலைக்காரர்கள். பாதிப்பேர் தூக்கத்தில் தலை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் இது லாரன்ஸ் சாலை என்பது மறந்துபோகும். தீப்பெட்டி ஆபீஸ் பஸ் இப்படித்தான் இருட்டோடு வந்து ஊர்ப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பள்ளி லீவு நாட்களில் நானும் ஏறுவேன். வீட்டில் அம்மா பெட்டி ஒட்டுவாள். பசையை ஒரே இழுப்பில் தடவி, கட்டைவிரலால் ஒரு மடிப்பு, ஒரு அழுத்து, அடிப்பெட்டி ரெடி. குரோஸ் கணக்கில் கூலி, ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனது. பதினாலு வருசம் கழித்து ஏறியதாம், பேப்பரெல்லாம் அதிசயமாக எழுதின. கூலி எப்போது ஏறியது என்று எந்தப் பேப்பரிலும் நான் பார்க்கவில்லை.

அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கும் ஒருத்தி இருந்தாள். விரலெல்லாம் மருந்து வாசம். அவளைப் பற்றித்தான் ஒரு கவிதை எழுதியிருந்தேன்.

ஜூன் மாதம், எங்களைப் போல ஒருபால் காதலர்கள் கொண்டாடும் பிரைடு விழாச் சமயம், சர்ச் தெருப் பக்கம் ஒரு வாசிப்புக்குக் கூப்பிட்டார்கள். டிரினிடாடில் பிறந்த, பெண்களை நேசிக்கும் கறுப்பினக் கவிஞர் டியான் பிராண்டை 2009-இல் தன் அரசவைக் கவிஞராக்கிக்கொண்ட நகரம் இது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வாசித்து முடித்ததும் ஒரு நல்ல மனிதர், "தொழிலாளர் கவிதை அருமை. காதல் கவிதை ஏதும் இல்லையா?" என்றார். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதாவது நிம்மதியாக மூச்சு விடுகிறீர்களா என்று கேட்டார்.

விடுகிறேன், அதில் பொய்யில்லை. இந்த மாகாணத்தில் 2003-லிருந்து நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம், 2005-லிருந்து நாடு முழுக்க. இந்தியாவில் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு எங்களைக் குற்றவாளி ஆக்குவதை 2018 செப்டம்பரில் நிறுத்தினார்கள். கல்யாண உரிமை கேட்டுப் போனவர்களை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டது. அவள் நாடான இலங்கையின் சட்டம் இன்னும் விசேஷம். 365ஏ பிரிவில் ஆண்களை மட்டும் சொல்லியிருந்ததை 1995-இல் திருத்தி, பெண்களையும் குற்றத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சமத்துவம் என்றால் அப்படி ஒரு சமத்துவம். அதற்காக ஊர் முழுக்க இருட்டென்று சொல்ல எனக்கு மனசு வராது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், தனக்கு இதெல்லாம் புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு 2021-இல் உத்தரவு போட்டார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். இதைச் சொன்னேன். அந்த மனிதருக்கு அதில் சுவாரசியம் இல்லை. குசினிக் கதையைச் சொன்னேன். "ஓ, அது உங்கள் சமூகத்துக்குள்ளே நடப்பது" என்று கையை விட்டுவிட்டார்.

கடைசியில் ஒரு சீனப் பாட்டி வீட்டில் இடம் கிடைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வருவோமா என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை. தனி அடுப்படி, அதனால் வாடகையும் கூட. மாதம் பிறந்தால் சாதி வரி கட்டியாயிற்றா என்று கேட்பாள் இவள். ஊரில் சாதி கூலியைக் குறைத்தது, இங்கே வாடகையை ஏற்றுகிறது. எப்படிப் பார்த்தாலும் கணக்கு எங்கள் பக்கம்தான் இடிக்கிறது.

வாடகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து அம்மா போனில் அலறினாள். "ரெண்டு பேருக்கு எதுக்குட்டி தனி அடுப்படி?" காரணத்தைச் சொன்னேன். "அங்கயுமா கேக்காக?" என்றாள். "பிளேன்ல இருபத்து மூணு கிலோவுக்கு மேல விடமாட்டாகன்னு என் ஊறுகா டப்பாவ வெளிய எடுத்து வச்ச. இத மட்டும் எப்பிடி விட்டாக?"

அப்புறம் வழக்கம்போல, அந்தப் புள்ள என்ன சமைச்சா என்று விசாரணை. சொதி என்றேன்.

"சொதியா? அது திருநெல்வேலிப் பக்கம் பிள்ளைமாரு வீட்டுல, கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு வைக்கிறதுல்லா? நீங்க என்னட்டி, தெனமும் வச்சுத் திங்கிறீக?"