கால் அங்குலம் என்பது கால் அங்குலம் அல்ல

நேற்று இரவு என் குயில்ட்டின் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் மெத்தென்ற போர்வை) மேல்துணியில் கடைசி வரிசையையும் இணைத்துத் தரையில் விரித்தேன். குறுக்கே 7, நெடுக்கே 9, மொத்தம் 63 கட்டங்கள். ஒரு மூலைகூட விலகவில்லை. சரி, இரண்டு மூலைகள் ஓர் இழை விலகியிருக்கின்றன. எவை என்று சொல்ல மாட்டேன்.

தையல் கற்ற காலத்தில் அளவைக் கண்டு நான் பயந்ததில்லை. பை, தலையணை உறை, பிறகு சட்டை என்று போய்க்கொண்டிருந்தேன். உடையில் ஒரு சௌகரியம் உண்டு. தையல் கொஞ்சம் உள்ளே போனாலும் உடம்பு அதை மறைத்துவிடும். ஆனால் சட்டைக் கையைத் தோளில் ஏற்றும் வேலை மட்டும் எனக்குக் கடைசிவரை கைவரவில்லை. அந்த வெறுப்பில்தான் மீந்த துண்டுகளைச் சதுரமாக வெட்டி இணைக்கத் தொடங்கினேன். வளைவே இல்லை, எல்லாம் நேர்த்தையல், இதில் என்ன சிரமம் இருக்கப்போகிறது என்ற திமிர் வேறு.

இந்தக் குயில்ட்டில் ஒன்பது துண்டுக் கட்டமும் வெற்றுச் சதுரமும் மாறி மாறி வரும். 2½ அங்குலச் சதுரங்கள் ஒன்பதை, ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்து இணைத்தால் 6½ வர வேண்டும். வெற்றுச் சதுரங்களையும் 6½-க்கே வெட்டி அடுக்கிவைத்திருந்தேன். தைத்து முடித்த முதல் 12 கட்டங்களும் 6¼-இல் நின்றன. இழுத்துப் பார்த்தேன். நீராவி காட்டிப் பார்த்தேன். துணிமீது பழி போட்டேன். கடைசியில்தான் துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதமான ஃபுட்டுக்கு அடியில் அளவுகோலை வைத்துப் பார்க்கத் தோன்றியது. நான் எல்லையாக நம்பியிருந்த ஃபுட்டின் வலது ஓரம் ஊசியிலிருந்து 5/16 அங்குலம் தள்ளி இருந்தது.

1/16 தானே என்று விட முடியாது. தையல் இருபுறத் துண்டுகளிலும் தின்னும். ஆக ஒரு தையலுக்கு 1/8 போகும். கட்டத்தின் குறுக்கே இரண்டு தையல், கால் அங்குலம் காணாமல் போய்விட்டது.

சரியாகக் கால் அங்குலம் வைத்தாலும் கட்டம் சிறுத்துத்தான் வரும் என்பது அதைவிடப் பெரிய எரிச்சல். துணி மடங்கும் இடத்தில் அதன் கனமும் நூலின் கனமும் ஓரிரு இழைகளை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே கால் அங்குலத்துக்கு மயிரிழை குறைவாகத் தைக்க வேண்டும். எவ்வளவு குறைவு என்பது இயந்திரத்துக்கும் நூலுக்கும் துணிக்கும் ஏற்ப மாறும். 1½ அங்குலப் பட்டைகள் மூன்றைப் பக்கம் பக்கமாகத் தைத்துத் தேய்த்துப் பாருங்கள். நடுப்பட்டை மிகச்சரியாக 1 அங்குலம் இருந்தால்தான் உங்கள் தையல் சரி. எனக்கு அது பதினோராவது முயற்சியில் வந்தது.

என் இயந்திரத்தில் ஊசியை இடம் வலமாக நகர்த்த வழியில்லை. அளவுகோலை ஃபுட்டுக்கு அடியில் செருகி, கால் அங்குலக் கோட்டுக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் ஊசி இறங்கும்படி கையால் சக்கரத்தைச் சுற்றினேன். பிறகு அளவுகோலின் ஓரத்தை ஒட்டிக் காகித நாடாவை ஐந்தாறு அடுக்காக ஒட்டினேன். ஓர் அடுக்கு போதாது, துணி அதன்மேல் ஏறிவிடும். சுவர் மாதிரி மேடாக இருந்தால்தான் ஓரம் அதில் இடித்து நேராகப் போகும். நாடா இயந்திரத்தின் பற்களை மறைத்துவிடக் கூடாது. நான் ஒருமுறை மறைத்துவிட்டு, துணி ஏன் நகரவில்லை என்று அரை மணி நேரம் விழித்தேன்.

அப்படியும் 6 7/16 தான் வந்தது. மிச்சக் குற்றம் இஸ்திரிப் பெட்டியுடையது. நேர்மையாகச் சொன்னால் அதைப் பிடித்த கையுடையது. துணியை விரித்துத் தேய்க்கும்போது தையலோரத்தில் மெல்லிய மடிப்பு ஒன்று தங்கிவிடுகிறது. இப்போது முதலில் மூடியபடியே தையல்மீது பெட்டியை வைத்து அழுத்துகிறேன், பிறகு விரித்து அழுத்துகிறேன். தேய்த்து இழுப்பதே இல்லை. அடுத்தடுத்த வரிசைகளின் தையல் மேடுகளை எதிரெதிர்ப் பக்கம் சாய்த்துவிட்டால், இணைக்கும்போது ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோல் பொருந்தும். விரலால் தடவி அது 'டக்' என்று உட்காருவதை உணரும் அந்த நொடிக்காகவே இன்னும் நூறு கட்டம் தைக்கலாம்.

சிறுத்துப்போன 12 கட்டங்களை நான் பிரிக்கவில்லை. ஒரே அளவில் தவறியவை என்பதால் தங்களுக்குள் நன்றாகவே பொருந்தும். குஷன் உறை ஆகட்டும். புதிதாக 32 கட்டங்களுக்கு மறுபடி 288 சதுரங்கள் வெட்டினேன். எல்லாம் மீந்த துணி, நீளப் பட்டையாகத் தைத்து வெட்டும் குறுக்குவழிக்கு வாய்ப்பில்லை. துணி வெட்டும் உருளைக் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அறிமுகப்படுத்தியதே 1979-இல்தான். அதற்கு முன் கத்தரிக்கோலால் வெட்டியவர்களை நினைத்தபடி, மழுங்கிய பிளேடைத் திட்டிக்கொண்டே வெட்டினேன்.

துணி வாங்குவதைப் பற்றி இரண்டு புலம்பல். முன்பே வெட்டி விற்கும் 5 அங்குலச் சதுரங்களின் ஓரம் பல் பல்லாக இருக்கும். பல்லின் நுனியிலிருந்து 5 அங்குலமா, குழியிலிருந்தா என்பது ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு. அளக்காமல் தைக்காதீர்கள். அடுத்தது மேல்துணிக்கும் பின்துணிக்கும் நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கான பேட்டிங். (இந்தச் சொல்லைக் கேட்டு யாருக்காவது கிரிக்கெட் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) முழுப் பருத்தி என்று ஒருவர் அனுப்பினார். ஓர் இழையைக் கொளுத்தினேன். பருத்தி என்றால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். இது உருகிக் கெட்டியான மணியாக நின்றது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

இப்போது மூன்று அடுக்கையும் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகப் பின் குத்தி வைத்திருக்கிறேன். இதை முடிப்பதற்குள் அரைச் சதுர முக்கோணங்களுக்கு (இரண்டு முக்கோணங்கள் சேர்ந்து ஒரு சதுரமாகும் துண்டுகள்) துணி எடுத்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாத் தையலும் முடிந்தபின் 3 அங்குலம் வர, சதுரத்தை 3⅞-க்கு வெட்டச் சொல்வார்கள். நான் 4-க்கு வெட்டிப் பிறகு 3½-க்குச் சீவப் போகிறேன். இனி ஒரு நூலிழையைக்கூட நம்புவதாக இல்லை.

காலையில், அடுக்குகளைச் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டை மாட்டி நடுவிலிருந்து மூலைவிட்டமாக நான்கு கோடுகள் ஓட்டினேன். மேலே பார்க்க அத்தனை அழகு. திருப்பினால் பின்துணியில், நட்டநடுவில், இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு மடிப்பு தையலுக்குள் சிக்கியிருக்கிறது. அதைப் பிரித்தாக வேண்டும். நாளைக்கு.