வீட்டுப்பாடம் கேட்டு வருகிறவர்கள்

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

பத்தாவது படிக்கும் பையன் அறிவியல் நோட்டோடு வந்தான். பக்க இணைப்பில் 10 ஓம், 15 ஓம் என்று இரண்டு மின்தடைகள். தொகுபயன் மின்தடை எவ்வளவு? "எனக்கு ஃபிசிக்ஸே வர மாட்டேங்குது அக்கா" என்றான். உள்ளே நுழையும்போதே இதைச் சொல்லிவிடுவது அவன் வழக்கம்.

நோட்டைப் பார்த்தேன். சூத்திரம் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். 1/10 + 1/15 வரைக்கும் பிசகில்லை. அடுத்த வரியில் 2/25. மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டிவிட்டு, தலைகீழாக்கி 12.5 ஓம் என்று கட்டம் போட்டு முடித்திருந்தான்.

விடையைத் திருத்தாமல் ஒரு கேள்வி கேட்டேன். 10 ஓம் தடைக்குப் பக்கத்தில் மின்னோட்டம் போக இன்னொரு வழியும் திறந்துவிட்டால் மொத்தத் தடை கூடுமா, குறையுமா? கொஞ்சம் யோசித்து, "குறையணும்" என்றான். அப்புறம் அவனே 12.5-ஐப் பார்த்தான். பத்தைவிடக் கூடுதலாக வரக்கூடாதே! ஆக, இவனுக்கு ஃபிசிக்ஸ் வருகிறது. வராதது வேற்றினப் பின்னங்களின், அதாவது கீழெண்கள் வேறுபடும் பின்னங்களின் கூட்டல். 3/30 + 2/30 = 5/30, அதாவது 1/6, தலைகீழாக்கினால் 6 ஓம். இரண்டு கீழெண்களையும் 30 ஆக்கவேண்டும் என்பதைப் புரிய வைக்க முக்கால் மணி நேரம் ஆனது. மின்சாரத்துக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ராத்திரி அவனுடைய வகுப்புகளைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது அவன் ஐந்தாவது. தமிழ்நாட்டில் எட்டாவது வரையிலான பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குப் போனது 2021 நவம்பர் 1-இல். அப்போது அவன் ஏழாவது. நடுவில் ஆறாம் வகுப்பு முழுக்க வீட்டிலேயே போய்விட்டது. கல்வித் தொலைக்காட்சி ஓடத்தான் செய்தது. ஆனால் 'புரியலை சார்' என்று டிவியிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் இருந்த ஒரே போனும் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும்.

விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியதும் நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய், மாலையில் வகுப்பு. அன்று இந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவர்களில் சிலர்தான் இப்போது பெரிய வகுப்புக்குப் போன பிறகும் வருகிறார்கள். அப்போது கதை, பாட்டு, விளையாட்டு என்று அவர்களைப் பள்ளிக்குப் பழக்கினோம். அதுவும் தேவையாகத்தான் இருந்தது. பின்னக் கணக்கு அந்தக் கலகலப்பில் எங்கோ ஒதுங்கிவிட்டது.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று தமிழ். எனக்குக் கொண்டாட்டம்.

குறளை அலகிட்டு, அதாவது ஒவ்வொரு சீரையும் அசைகளாகப் பிரித்து, அதற்குரிய வாய்பாடு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக.' அந்தப் பெண் இரண்டாம் சீரைக் க, சட, றக் என்று மூன்றாக உடைத்து வைத்திருந்தாள். குறிலுக்கு அடுத்து இன்னொரு குறில் நின்றால் இரண்டும் சேர்ந்தே நிரையசை ஆகும் என்று சொன்னதும் கச, டறக் என்று பிரித்துக் கருவிளம் என்றாள். மற்றவை கடகடவென்று வந்தன. தேமா, கருவிளம், கூவிளம், கூவிளம், தேமா, புளிமா, கடைசியில் மலர்.

"சரியான்னு எப்படித் தெரியும் அக்கா, உரைநூல்ல பாக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். இது வெண்பா. தேமா, புளிமா போன்ற மாச்சீரை அடுத்து நிரையசை வரவேண்டும், கூவிளம், கருவிளம் போன்ற விளச்சீரை அடுத்து நேரசை, அதாவது குறிலோ நெடிலோ தனியாக நிற்கும் அசை வரவேண்டும். சீரோடு சீர் சேரும் இந்த விதிதான் தளை. ஒவ்வொரு சீராக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள், எங்கும் இடிக்கவில்லை. அவளுடைய பழைய பிரிப்பை வைத்துப் பார்த்தால் முதல் சீரைத் தாண்டுவதற்குள்ளேயே தளை தட்டியிருக்கும். குறளே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்கிறது! யாப்பு கடினம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

ஒன்பதாவது பையன் ஒருவன் இரண்டு மாறிகள் உள்ள சமன்பாடுகளைப் போனில் படம் பிடித்து, வந்த விடையை அப்படியே இறக்கி வைத்திருந்தான். விடை சரிதான். ஆனால் ஆசிரியர் கேட்டது நீக்கல் முறை, போன் போட்டுக் கொடுத்தது அணி (மேட்ரிக்ஸ்) முறை. அவன் இதுவரை அணியையே பார்த்ததில்லை. "இந்தப் பெரிய அடைப்புக்குறி என்னடா?" என்றேன். "டிசைன் அக்கா" என்றான்.

போனைத் திட்ட மாட்டேன். நம் பாடநூலிலேயே க்யூஆர் கோடு அச்சடித்திருக்கிறார்கள், அதில் வரும் காணொளிகளை நானும் பார்க்கிறேன். எங்கே முட்டுகிறது என்று தெரிந்த பிள்ளைக்குப் போன் நல்ல துணை. இவர்களில் பாதிப்பேருக்கு அதுதான் தெரியவில்லை. 'கணக்கு வராது', 'சயின்ஸ் வராது' என்று பாடத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மறுபடியும் அதே பத்தாவது பையன், இந்தத் தடவை சமூக அறிவியல். இந்தியத் திட்டத் தீர்க்கக்கோடு 82 பாகை 30 நிமிடம் கிழக்கு, மிர்சாபூர் வழியாகப் போகிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும் என்றால் கிரீன்விச்சைவிட நாம் எவ்வளவு முன்னால் இருக்கிறோம்?

82.30-ஐ நாலால் பெருக்கி 329.2 நிமிடம் என்று எழுதியிருந்தான். "ஊரே அஞ்சரை மணி நேரம்னு சொல்லுது, உன் கணக்குல மட்டும் 48 நொடி குறையுதே, எங்கடா போச்சு?" என்றேன். அவனுக்கே சிரிப்பு. ஒரு பாகைக்கு 60 நிமிடம், அப்படியானால் 30 நிமிடம் என்பது அரைப் பாகை. 82½ × 4 = 330. சரியாக ஐந்தரை மணி நேரம்.

மின்சாரத்திலும் அதே பின்னம், பூகோளத்திலும் அதே பின்னம். இவன் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஆறாம் வகுப்பு வந்து நிற்கிறது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பிளஸ் ஒன் காமர்ஸ் பெண். வங்கியில் போட்ட பணத்தை ரொக்க ஏட்டில் பற்றுப் பக்கம் எழுதச் சொல்கிறார்கள், பாஸ்புக்கில் மட்டும் ஏன் வரவில் வருகிறது என்றாள். நல்ல கேள்வி. பாஸ்புக் வங்கியுடைய கணக்கு. நீ போட்ட பணம் உனக்குச் சொத்து, வங்கிக்கோ உனக்குத் திருப்பித் தரவேண்டிய கடன். அம்மாவின் பாஸ்புக்கை எடுத்து வந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். ரொக்க ஏட்டையும் பாஸ்புக்கையும் ஒத்துப் பார்க்கும் சரிகட்டும் பட்டியலை இனி அவளே போட்டுவிடுவாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பின்னங்கள் வரும் பாடத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். பையன் முதல் பக்கத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். பக்கத்தில் ஏழாவது பெண்கள் உட்கார்ந்து மேப் வரைந்துகொண்டிருந்தார்கள். "இவங்க போனப்புறம் போடறேன்" என்றான். நியாயம்தான், அவன் மீசைக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

ஏழரைக்குத் தொடங்கினோம். படத்தில் பாதியை, மூன்றில் ஒன்றை நிழலிடுவதிலிருந்து ஆரம்பித்தோம், ஒன்றையும் விடவில்லை. அப்புறம் கீழெண்களின் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடிப்பது, அப்புறம் கூட்டல். எட்டு மணிவாக்கில் அவன் வகுப்புத் தோழன் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். சும்மா இந்தப் பக்கம் வந்தானாம். வந்தவன் உட்கார்ந்து அதே தாளைத் தலைகீழாக வைத்துப் படிக்க ஆரம்பித்தான். நாலாவது கணக்கில் 1/4-உம் 1/6-உம் கூட்டினால் 2/10 என்றான்.

நாளைக்கு இன்னும் ரெண்டு மூன்று செட் எடுத்து வைக்கவேண்டும். முக்குக் கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.