மாச்சிகோ கியோவின் முகம்

மரத்தடியில் அரைத்தூக்கத்தில் கிடக்கிறான் கொள்ளைக்காரன். லேசாக ஒரு காற்று. குதிரையில் போகிறவளின் முகத்திரை ஒரு கணம் விலகுகிறது.

இன்று மத்தியானம் குரோசாவாவின் ஜப்பானியப் படம் 'ரஷோமான்' மறுபடி பார்த்தபோது அந்த இடத்தில் அப்படியே நிறுத்திவிட்டேன்.

அந்த முகம், நடிகை மாச்சிகோ கியோ!

இந்த முகத்தை உலகம் பார்த்ததற்கு ஜூலியானா ஸ்ட்ராமிஜோலி என்ற இத்தாலியப் பெண்மணிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். படத்தைத் தயாரித்த டாய்எய் நிறுவனத்துக்கே அதன்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் பரிந்துரைத்தவர் ஜூலியானாதான். 1951இல் அந்த விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் கிடைத்தது.

அப்புறம் டாய்எய் தலைவர் மசாயிச்சி நகாதா விடவே இல்லை. வெளிநாட்டு விழாக்களை மனதில் வைத்தே படம் எடுத்தார். ஈஸ்ட்மன்கலர் என்ற வண்ணப் படச்சுருளில் 'நரக வாசல்' வந்தது. அந்தக் கிமோனோக்களின் நிறங்களைப் பார்க்க வேண்டுமே! 1954இல் கான் திரைப்பட விழாவின் முதல் பரிசு, அடுத்த வருடம் உடை வடிவமைப்புக்கு ஆஸ்கர்.

அதிலும் நாயகி மாச்சிகோதான். 1956இல் ஹாலிவுட் படத்தில் மார்லன் பிராண்டோவுடன் நடித்தார்.

புதுமுகங்களை வெளிநாட்டில் அறிமுகப்படுத்த நினைக்கும் ஸ்டூடியோக்கள், விளம்பரச் செலவுக்கு முன்னால், தங்கள் படங்களில் எது தூரம் போகும் என்று ரசனையுள்ள ஒரு வெளியாளிடம் போட்டுக் காட்டிக் கேட்கலாம்.