பிரெஞ்சு 4 ரத்து: கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு மாறிய கதை

இடம் கிடைத்து வகுப்பும் தொடங்கிவிட்டது, ஆனாலும் 'டிரான்ஸ்கிரிப்ட்' (கல்லூரி தரும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்) என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புக்கான அரசுக் கல்லூரி) இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கு, அதாவது யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியாவுக்கு, மாறுவது பற்றி நம் ஆட்களிடம் கேட்டால் எல்லாரும் கம்ப்யூட்டர் சயன்ஸ் கணக்கில்தான் பதில் சொல்வார்கள். ஜிபிஏ எவ்வளவு, பெர்க்லி கிடைக்குமா, இவ்வளவுதான். மொழிப் பட்டத்துக்குப் போகிறவர்களின் தலைவலி வேறு. அங்கே போட்டி அவ்வளவு கடுமையில்லை. ஆனால் அவர்கள் கேட்கிற பாடம் உங்கள் கல்லூரியில் அந்தப் பருவத்தில் நடக்குமா என்பதற்கு ஒருவரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

நான் ப்ளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவள். ஏன் எடுத்தேன் என்று தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மார்க்குக்காகத்தான். அப்புறம் கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம் முதல் வருடம் முடித்த நிலையில் அப்பாவின் வேலையோடு குடும்பமே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்கு, பே ஏரியாவுக்கு, வந்துவிட்டது. கலிபோர்னியாவில் குடியிருப்பவராகக் கணக்கில் வர 366 நாள் ஆகவேண்டும், அதுவரை காத்திருந்து யூனிட்டுக்கு (பாடத்தின் எடையைக் கணக்கிடும் அலகு) 46 டாலர் கட்டணத்தில் சேர்ந்தேன். முதலில் பார்த்த கவுன்சிலர் என் ப்ளஸ் டூ மார்க்கைப் பார்த்து அசந்துபோய், நேராக பிரெஞ்சு 3-இல் உட்காரலாம் என்றார். பிரெஞ்சில் எனக்கு அப்போது கட்டுரை மனப்பாடமாக வரும், காபி கேட்க வராது. பிரெஞ்சு 1-இலிருந்தே தொடங்குகிறேன் என்று அடம்பிடித்தேன். இதே நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து அதையே செய்யுங்கள்.

முதல் வருடத்தில் சொல்ல ஒன்றுமில்லை. பொதுப் பாடங்கள், பிரெஞ்சு 1, 2, எல்லாம் ஒழுங்காகப் போனது. (2025 ஃபாலில், அதாவது இலையுதிர்காலப் பருவத்தில், தொடங்கி சேருபவர்களுக்குப் பொதுப் பாடத் திட்டம் கால்-ஜெட்சி. நான் அதற்கு முன் சேர்ந்ததால் பழைய ஐஜெட்சி. கவுன்சிலர்களே இரண்டையும் குழப்புகிறார்கள், உங்களுக்கு எது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.) சிஎஸ்யூ (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) பக்கம் போகலாமா என்றும் யோசித்தேன். அங்கே 60 யூனிட்டில் முடிகிற டிரான்ஸ்ஃபர் டிகிரி ஒன்று இருக்கிறது, ஸ்பானிஷ் படிப்பவர்களுக்கு அது நல்ல வழி. பிரெஞ்சுக்கு எங்கள் கல்லூரியில் அது இல்லை. எனவே யூசி.

யூசியில் டேக் என்று ஒரு முன்கூட்டிய உத்தரவாத ஒப்பந்தம் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ மூன்றும் அதில் இல்லை, மற்ற ஆறு வளாகங்களில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் போடலாம். செப்டம்பர் மாதம் முழுக்க அதற்கான நேரம். போட்டேன். அக்டோபர், நவம்பரில் முழு விண்ணப்பம், வளாகத்துக்கு 80 டாலர், 350 வார்த்தைக்குள் நாலு பதில்கள். அதெல்லாம் சுலபம்.

இனிதான் விஷயம். மொழிப் பாடங்கள் சங்கிலி மாதிரி. 1 முடித்தால்தான் 2, 3 முடித்தால்தான் 4. சின்ன மொழித் துறைகளில் பிரெஞ்சு 3 ஃபாலில் மட்டும், 4 ஸ்பிரிங்கில் (ஜனவரியில் தொடங்கும் பருவம்) மட்டும்தான் நடக்கும். முதல் செமஸ்டரில் நாற்பது பேர் இருந்த வகுப்பு நாலாவதுக்கு வரும்போது வற்றிவிடும். போதிய ஆள் சேரவில்லை என்றால் கல்லூரி அந்த வகுப்பையே ரத்து செய்யும். யூசி என்ன சொல்கிறது? ஃபாலில் சேர வேண்டுமானால் தேவையான பாடங்களை அதற்கு முந்தைய ஸ்பிரிங் முடிவதற்குள் முடித்திருக்க வேண்டும், கோடை வகுப்பு கணக்கில் வராது. ஆக, ஸ்பிரிங்கில் பிரெஞ்சு 4 ரத்தானால் ஒரு வருடம் போச்சு.

ஜனவரியில் எனக்கு அதுதான் நடந்தது. செமஸ்டர் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் ஒரு தானியங்கி மின்னஞ்சல், 'நீங்கள் பதிவு செய்த வகுப்பு ரத்து செய்யப்பட்டது' என்று ஒற்றை வரி. அதே ஜனவரி 31-க்குள்தான் யூசிக்கு ஃபால் மதிப்பெண்களையும் ஸ்பிரிங் பாடங்களையும் புதுப்பித்து அனுப்ப வேண்டும். துறை அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த அம்மா கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அடுத்த ஸ்பிரிங்கில் திரும்ப நடக்கும்" என்றார். அடுத்த ஸ்பிரிங்! டேக் ஒப்பந்தம் இருக்கிறது, பிரெஞ்சு 4 இல்லாவிட்டால் அது செல்லாது என்று சொன்னேன். கவுன்சிலரைப் பாருங்கள் என்றார். கவுன்சிலரிடம் நேரம் கேட்டால் பிப்ரவரி நடுவில் காலி இருக்கிறதாம்.

இந்த இடத்தில் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: கலிபோர்னியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன, உங்கள் கல்லூரியில் இல்லாத பாடத்தை வேறு கல்லூரியில் எடுக்கலாம், ஆன்லைனிலும் எடுக்கலாம், யூசி ஏற்றுக்கொள்ளும். ஆனால் எந்தக் கல்லூரிப் பாடம் யூசியின் எந்தப் பாடத்துக்கு இணை என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் பார்க்கும்போது *அந்தக்* கல்லூரியின் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும், உங்கள் கல்லூரியின் பக்கத்தை அல்ல. பாட எண்ணை நம்பவே நம்பாதீர்கள். ஒரு கல்லூரியில் நாலாவது செமஸ்டர் பாடத்துக்கு எண் 4, இன்னொன்றில் 2பி. அதைவிட மோசம், என் யூசி குவார்ட்டர் முறை, செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள். பெர்க்லியும் மெர்சட்டும்தான் செமஸ்டர், மற்ற ஏழு வளாகங்களும் குவார்ட்டர். ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரை குவார்ட்டர் யூனிட். நம் நாலு செமஸ்டர் பாடங்கள் அவர்களுடைய ஆறு குவார்ட்டர் பாடங்களுக்கு எப்படிப் பொருந்துகிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒரு கல்லூரியின் பிரெஞ்சு 4-க்கு முழு இணை கிடைக்கும், பக்கத்து ஊர்க் கல்லூரியின் அதே பாடத்துக்குப் பாதிதான் கிடைக்கும்.

ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் சரியாகப் பொருந்துகிற ஒரு வகுப்பு விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் அகப்பட்டது, மாலை நேரம், நேரில் போகவேண்டும், வெயிட்லிஸ்ட் கூட நிரம்பிவிட்டது. விதிப்படி இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆசிரியருக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு, அவர் நினைத்தால் ஒரு ஆட் கோடு கொடுத்து நிரம்பிய வகுப்பிலும் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன், பிரெஞ்சிலேயே எழுதினேன், என் நிலைமையை ஒளிக்காமல் சொல்லி, முதல் நாள் வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்காரலாமா என்று கேட்டேன். வரச் சொன்னார். முதல் நாளே யாரோ இரண்டு பேர் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் கோடு எழுதிக் கொடுத்து, மின்னஞ்சலில் இருந்த ஒரு வினைச்சொல் பிழையையும் திருத்தினார். அன்றைக்கு பார்ட் ரயிலில் வீடு திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷம் யூசி சேர்க்கைக் கடிதம் வந்தபோதுகூட இல்லை.

பாட மாற்றத்தை உடனே யூசிக்குத் தெரிவித்துவிடுங்கள், அவர்களுடைய விண்ணப்பத் தளத்தில் இருக்கும் கருத்துப் பெட்டியில் 'வகுப்பு ரத்தானது, அதற்கு இணையான பாடத்தை இங்கே எடுத்திருக்கிறேன்' என்று இரண்டு வரி போதும். ரத்து அறிவித்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள், எனக்கு அது பின்னால் கைகொடுத்தது.

சரி, அடுத்த கதை கோவை. யூசி விண்ணப்பத்தில் நீங்கள் படித்த எல்லாக் கல்லூரியையும் சொல்லியாக வேண்டும், வெளிநாட்டில் பாதியில் விட்டதையும் சேர்த்து. மறைத்தால் சேர்க்கையையே ரத்து செய்யலாம். சொன்னேன். சேர்க்கை கிடைத்த பிறகு ஜூலை 1-க்குள் எல்லா டிரான்ஸ்கிரிப்ட்டும் வந்து சேர வேண்டும், பி.காம் முதல் வருடத்துடையதும்தான். என் கல்லூரிக் கவுன்சிலர், வெளிநாட்டு மார்க் என்றால் மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து அறிக்கை வாங்கியே ஆகவேண்டும் என்றார். வாங்கினேன். யூசி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பல்கலைக்கழகத்தின் அசல் சீல் வைத்த உறைதான் வேண்டும், மதிப்பீட்டை நாங்களே செய்துகொள்வோம் என்றார்கள். அந்தப் பணம் தண்டம். கவுன்சிலர் சொன்னது கம்யூனிட்டி காலேஜ் பட்டத்துக்கான விதி, யூசிக்கானது அல்ல. யார் எந்த நிறுவனத்தின் விதியைச் சொல்கிறார் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

கோவையில் மாமாதான் அலைந்தார். நான் கையெழுத்துப் போட்ட ஆத்தரைசேஷன் லெட்டர், பாஸ்போர்ட் நகல், செலான் எல்லாம் எடுத்துக்கொண்டு தேர்வுப் பிரிவுக்குப் போனால், கவுன்டரில் இருந்தவர், "டிகிரி முடிச்சவங்களுக்குத்தான் சார் டிரான்ஸ்கிரிப்ட். பாதியில விட்டவங்களுக்குக் கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமா போனில், "ஏம்மா, பிரெஞ்சுதானே, பாண்டிச்சேரியிலேயே படிச்சிருக்கலாமே" என்றார். கோபத்தில் சொன்னாரா கிண்டலா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இதற்கு வழி, டிரான்ஸ்கிரிப்ட் என்ற வார்த்தையையே விட்டுவிடுவது. அடுத்த தடவை மாமா கவுன்டரைத் தாண்டி சூப்பிரண்டிடம் போய், இரண்டு செமஸ்டர் மார்க் ஷீட்டின் நகல்களைச் சரிபார்த்து கையெழுத்திட்டு, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் சீல் வைத்துக் கொடுத்தால் போதும் என்று கேட்டார். அது நடைமுறையில் இருக்கிற காரியம்தான், செய்துகொடுத்தார்கள். அசல் மார்க் ஷீட் கையோடு இருந்தால்தான் அதுவும் நடக்கும், நாட்டைவிட்டுக் கிளம்பும்போது அசலை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள் என்று சொல்ல வந்தேன், ஆனால் என் விஷயத்தில் அது வீட்டில் இருந்ததால்தான் மாமாவால் எடுத்துப்போக முடிந்தது. யாரிடமாவது இருக்கட்டும், அவ்வளவுதான். உறை ஸ்பீட் போஸ்டில் கிளம்பியது. அதற்குள் யூசிக்கு எழுதி, உறை வழியில் இருக்கிறது என்று ட்ராக்கிங் எண்ணோடு சொல்லிவைத்தேன்.

இங்கே அமெரிக்காவில் டிரான்ஸ்கிரிப்ட் அனுப்புவது இரண்டு நிமிட வேலை என்று நினைப்பீர்கள். இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, ஆன்லைனில் ஆர்டர் செய்யும்போது 'மதிப்பெண் பதிவான பிறகு அனுப்பு' என்ற தேர்வைக் குறிக்கவில்லை என்றால் ஸ்பிரிங் மார்க் இல்லாத காகிதம் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு, ஐஜெட்சி சான்று (பொதுப் பாடங்களை முடித்ததற்கான சான்று) தானாகப் போகாது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தானாகப் போகும் என்று ரெஜிஸ்ட்ரார் அலுவலக ஜன்னலில் அடித்துச் சொன்னார்கள். போகவில்லை. திரும்பக் கேட்டபோது, கடைசியாகப் படித்த கல்லூரிதான் தரவேண்டும், நீ ஸ்பிரிங்கில் அங்கேதானே படித்தாய் என்று விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் கைகாட்டினார்கள். அந்தப் பக்கத்தில், எங்களிடம் ஒரே ஒரு பாடம் படித்துவிட்டுச் சான்று கேட்கிறாயே என்றார்கள். ஒரே பருவத்தில் இரண்டு கல்லூரியில் படித்தவர் எதிலிருந்து வேண்டுமானாலும் சான்று கேட்கலாம் என்று ஐஜெட்சி விதித்தொகுப்பிலேயே ஒரு வரி இருக்கிறது. விதித்தொகுப்பின் அந்தத் தாளை அச்செடுத்து, வரியை மஞ்சள் மையில் கோடிட்டு ஜன்னலில் வைத்தேன். உள்ளே போய் யாரிடமோ காட்டிவிட்டு வந்து, மறு வார்த்தை பேசாமல் படிவத்தை நீட்டினார்.

யூசியில் சேர்ந்த பிறகும் துறையில் ஒரு சின்ன முட்டல். அசிஸ்டில் இணையாகக் காட்டிய பாடம்தான், இருந்தாலும் மேல் ஆண்டு வகுப்பில் விடும் முன் நிலைத்தேர்வு எழுதச் சொன்னார்கள். அசிஸ்ட் பக்கத்தை நான் படித்த வருடத்துக்கு மாற்றி பிடிஎஃப் ஆகச் சேமித்து வைத்திருந்தேன், அதை அனுப்பியதும் தேர்வு வேண்டாம், பத்து நிமிடம் பேசினால் போதும் என்றார் துறை ஆலோசகர். பிரெஞ்சில் பிரெஞ்சு 4 ரத்தான கதையைத்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி அது எனக்கு மனப்பாடம். நேராக மூன்றாம் ஆண்டுக் கட்டுரை வகுப்பில் போட்டார்கள்.

பிரான்சுக்குப் போய்ப் படிக்கும் யூசி-ஈஏபி திட்டத்தில் ஆசை இருப்பவர்களுக்கு ஒன்று: டிரான்ஸ்ஃபரில் வருபவர்களுக்கு இங்கே இருப்பதே இரண்டு வருடம், விண்ணப்பத் தேதிகளோ போகும் பருவத்துக்குப் பல மாதம் முன்னால் முடிந்துவிடுகின்றன. ஓரியண்டேஷன் வாரத்திலேயே அந்த அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். நான் போனேன். அவர்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா, எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்ட்டும்.