விதிக்குக் காப்புரிமை இல்லை

பலகை விளையாட்டுகளைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று சொன்னால், "பேடன்ட் வாங்கிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நம் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு விளையாடும் முறைக்குக் காப்புரிமை கிடையாது என்று நேராகவே சொல்லிவிடுகிறது. விதிகளை எழுதிய வாசகத்துக்கும் பலகையின் ஓவியத்துக்கும் பதிப்புரிமை உண்டு. ஆட்டக் காய்களின் வடிவத்தைப் பதிவு செய்தால் அதற்கு 10 ஆண்டுகள் உரிமை, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகள். ஆட்டத்துக்கு உயிரான விதி மட்டும் யாருக்கும் சொந்தமில்லை.

இது எனக்கு ரொம்ப நாள் கசந்தது. ஒரு நிறுவனத்தில் மாதிரியைக் காட்டினேன். "பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். அப்புறம் அதே ஆட்டம் வேறு படம், வேறு பெயரோடு கடைக்கு வந்தது. வக்கீல் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

கோபம் அடங்கியபின் என் பலகைகளையே எடுத்துப் பார்த்தேன். ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. புலிக்கு வெட்டும் பலம், ஆட்டுக்குக் கூட்டத்தின் பலம். இரண்டு பக்கமும் சமமில்லை, ஆனாலும் ஆட்டம் நியாயமாக நடக்கிறது. அதை யோசித்தவர் யாரென்று தெரியாது. நான் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். பல்லாங்குழியிலிருந்தும் அப்படித்தான். விதி பொதுவில் கிடப்பதால்தான் எனக்குப் பிழைப்பே நடக்கிறது.

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது சோதனை ஆட்டம். பிள்ளைகளிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிடுவேன். காயைத் தூக்கிய கை பலகைக்கு மேலேயே நின்று, கண் பெரியவர்கள் பக்கம் போனால், அந்த இடத்தில் விதி புரியவில்லை. குறித்துக்கொள்வேன். சில சமயம் அவர்களே ஒரு விதியைப் போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் அது என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும்.

2021 ஜனவரி 1 முதல் பிள்ளைகளின் பொம்மைகளுக்கும் விளையாட்டுப் பொருட்களுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். தனி ஆளுக்கு அந்தச் செலவு பெரிது. அதனால் உரிமம் உள்ள உற்பத்தியாளரிடம் கொடுத்து ராயல்டி வாங்குகிறேன். சட்டத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மையில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கும் சிறு துண்டு இருக்கக் கூடாது. தொண்டையில் சிக்கும் அளவு அது.

இப்போது மூன்று பேர் ஆடும் ஆடு புலி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். மூன்றாமவர் மேய்ப்பர். அவர் இரண்டு பக்கமும் சேராமல் ஜெயிப்பது எப்படி என்பதில்தான் இன்னும் முடிச்சு அவிழவில்லை.