தோப்புக் குடிசை: மே மாதக் குறிப்புகள்

மே 6
கத்திரி தொடங்கி மூன்றாம் நாள். அம்மா வீட்டில் செல்பேசிக்கு நடக்கும் சண்டை தாங்காமல் மூன்று பேரையும் தென்னந்தோப்புக்கு விரட்டினேன். என் பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, அண்ணன் மகனுக்கு எட்டு, சின்னவளுக்கு ஆறு. அங்கே பூவரசங் கொம்புகள் அடுக்கிக் கிடந்தன. குடிசை கட்டப் போகிறார்களாம். அம்மா ஒன்றுதான் சொன்னாள்: கொம்பை ஒடிக்கக் கூடாது, புடலைப் பந்தலுக்கு வேண்டும்.

மே 7
நான்கு கால் நட்டு, மேலே நான்கு கொம்பு வைத்துக் கட்டிவிட்டார்கள். பெரியவன் தோளால் லேசாக இடித்தான், மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தினால் மறுபக்கம். குழியை ஆழப்படுத்தி, கல் போட்டு இறுக்கிப் பார்த்தார்கள். ஆட்டம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு புளியில் கொட்டை எடுத்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். சாய்வதைத் தாங்க அண்ணன் மகன் ஒரு கொம்பைக் கோணலாக முட்டுக் கொடுத்துப் பிடித்தான். கை வலித்தது போல, "இதை அப்படியே கட்டுடா" என்றான். கட்டினார்கள். ஆட்டம் அடங்கிவிட்டது!

நான்கு பக்கச் சட்டம் நெளியும், முக்கோணம் நெளியாது. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டி 180 என்று பரீட்சையில் எழுதிய பையன், அந்தக் குறுக்குக் கொம்பை நாலு முறை இடித்துப் பார்த்தான்.

மே 8
காய்ந்த பனைநார் முடிச்சுப் போடும்போதே முறிகிறது. அந்தப் பக்கமாகப் போன அம்மா, "தண்ணியில போடுங்கடா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். ஊறியபின் துணி மாதிரி வளைந்தது. இப்போது சின்னவள்தான் நார் மேஸ்திரி. வாளியை யாரையும் தொட விடுவதில்லை.

மே 10
அண்ணி போனில், "சுத்தியலையா கொடுத்திருக்கே?" என்றாள். கோபன்ஹேகனில் எம்ட்ரப் என்ற இடத்தில், 1943-இல், போருக்கு நடுவே, பிள்ளைகள் தாங்களே கட்டி விளையாடட்டும் என்று பழைய பலகைகளையும் கழிவுச் சாமான்களையும் போட்டு ஒரு திடல் திறந்தார்கள். அதையெல்லாம் அண்ணியிடம் சொல்ல முடியுமா? "நான் கிட்டேதான் இருக்கேன் அண்ணி" என்றேன். எனக்குப் பயம் சுத்தியலைப் பற்றி இல்லை, தேளைப் பற்றித்தான். கீழே கிடக்கும் மட்டையைக் குச்சியால் புரட்டிப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும் என்று அப்பா பழக்கிவிட்டார். அண்ணன் மகன் இப்போது செருப்பைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் போடுகிறான்.

மே 13
நேற்று ராத்திரி கோடை மழை. குடிசைக்குள் குளம். ஒரு பக்கச் சாய்ப்புதான், சரிவு போதும், கீற்றிலும் ஓட்டை இல்லை. அப்புறம் எப்படி ஒழுகியது? மூன்று பேரும் அடுத்த வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலிருந்து வேய ஆரம்பித்ததால், கீழ்க்கீற்றின் விளிம்பு மேற்கீற்றின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் அந்த இடுக்கில் நேரே உள்ளே. எல்லாவற்றையும் பிரித்து, இறவாரத்திலிருந்து மேலே ஏறி வேய்ந்தார்கள். சுற்றி ஒரு சாண் வாய்க்காலும் வெட்டினார்கள்.

மே 14
சின்னவள் ஈர மண்ணில் தனியாக ஒரு வீடு கட்டினாள். பெரியவன் காலால் எற்றினான். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே உண்டு, 'எங்கள் மணல்வீட்டைச் சிதைக்காதே' என்று சிறுமிகள் கெஞ்சுவார்கள். இவள் கெஞ்சவில்லை. கை நிறையச் சேற்றை அள்ளி அண்ணன் முதுகில் அப்பினாள்.

மே 19
நாளை ஊருக்கு. பேசியபடி கொம்பைத் திருப்பித் தர வேண்டும். முடிச்சு அவிழ்ப்பதுதான் கட்டுவதைவிடக் கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் அம்மா பந்தலுக்குக் கால் நட்டாள். சின்னவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாச்சி, குறுக்கே ஒண்ணு கட்டுங்க. இல்லாட்டி சாஞ்சிடும்."